தலைக்கட்டுக்கு ஒரு தீப்பெட்டி

மருதவயலில் கஞ்சாச் செடி ஒன்றே ஒன்றுதான். கருப்பர் கோயிலுக்குப் பின்னால், பூசாரி சேவுகனின் கத்தரிப் பாத்தி ஓரத்தில் நிற்கும். மாசிக் களரித் திருவிழாவில் கருப்பருக்குச் சுருட்டு, சாராயம், கூடவே ஒரு சிட்டிகை கஞ்சா வைப்பது வழக்கம். சிட்டிகை போக மீதி என்ன ஆகிறது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

மீதி அழகுசுந்தரத்துக்குப் போயிற்று.

அழகுசுந்தரம் காசியில் எட்டு வருசம் இருந்தவன். செட்டியார்கள் கட்டிய சத்திரமொன்றில் காய் நறுக்கினான். ஊர் திரும்பி ஐந்து வருசம் ஆகிறது. நாற்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பன் விட்டுப்போன ஒரு ஏக்கரைப் பங்காளியிடம் வாரத்துக்கு விட்டிருந்தான். வேலை என்று எதையும் தொடமாட்டான். தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால் வாகை மரத்தடியில் உட்காருவான். சிலும்பிக் குழாயில் ஒரு இழுப்பு. ஒன்றே ஒன்றுதான். அதன் பிறகு யார் எது சொன்னாலும் அவனுக்கு நியாயமாகவே படும். ஊரில் அவனுக்குப் பகையாளி இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம்.

பூசாரிக்கு அவன் வெற்றிலை வாங்கிக் கொடுப்பான். பூசாரி அங்குட்டுத் திரும்பிக்கொள்வார். ஏற்பாடு அவ்வளவுதான்.

எழுபத்தொன்றாம் வருசம் ஆவணியில் அரசாங்கம் மதுவிலக்கைத் தளர்த்திச் சாராயக் கடையையும் கள்ளுக்கடையையும் திறந்தது. மருதவயல் இளவட்டங்களுக்கு அதில் பாதிதான் விளங்கியது. எல்லாம் அவிழ்த்துவிட்டாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டார்கள். கோயிலுக்குப் பின்பக்கம் ஆள் நடமாட்டம் கூடியது. புரட்டாசி முடிவதற்குள் செடியில் கீழ்க்கிளைகள் மொட்டையாகிவிட்டன.

அழகுசுந்தரம் மிச்சக் கிளைகளை எண்ணிப் பார்த்தான். இப்படியே போனால் மாசியில் கருப்பருக்கே சிட்டிகை தேறாது. அவனுக்கு எங்கே தேறும்? பூசாரியிடம் போய் நின்றான்.

"நாந்தேன் என்ன செய்ய அப்பு?" என்றார் சேவுகன். "ஒருத்தன் வந்தா அங்குட்டுத் திரும்பலாம். இருவது பேரு வந்தா எங்குட்டுத் திரும்புறது?"

அழகுசுந்தரம் வாகை மரத்தடியில் இழுப்பை முடித்துவிட்டு யோசித்தான். காசியில் இந்தத் தொந்தரவு கிடையாது. அங்கே சட்டம் இருந்தது. சட்டம் இல்லாத ஊரில்தான் களவு. மருதவயலுக்கும் ஒரு சட்டம் வேண்டும். அதைச் செய்யக்கூடியவர் முத்துக்கருப்பன் அம்பலம்.

அம்பலம் ஊர்த்தலைவர். எதையும் முறைப்படி செய்கிறவர். அவர் வீட்டு மாடு கன்று போட்டால்கூட நாலு பேர் முன்னிலையில்தான் போடும் என்பார்கள்.

ஐப்பசியில் கோயில் பொட்டலில் ஊர் கூடியது. அழகுசுந்தரம் எழுந்து நின்றான். ஐந்து வருசத்தில் ஊர்க்கூட்டத்தில் அவன் வாய் திறப்பது அதுதான் முதல் தடவை.

"காசியில சர்க்காரே கடை வச்சிருக்கு அம்பலம். போர்டு தொங்குது. இலையை அரைச்சு உருண்டை பிடிச்சு விக்கிறாக. பெரிய பெரிய பண்டிதரெல்லாம் வரிசையில நிக்கிறாக. ஒருத்தன் ஒருத்தனை இடிக்கிறதில்ல. கடைக்காரனுக்கு லைசென்ஸ் உண்டு. எவன் வாங்கலாம், எம்புட்டு வாங்கலாம், எல்லாத்துக்கும் கணக்கு."

"பண்டிதரெல்லாமா?" என்றார் அம்பலம்.

"முத வரிசையே அவுகதேன்."

முத்துராமலிங்கம் கனைத்தார். பினாங்கில் பதினெட்டு வருசம் வட்டிக்கடையில் இருந்தவர். தனக்கு முன்னால் இன்னொருவன் வெளியூர்க் கதை பேசுவது அவருக்குப் பொறுக்காது.

"காசி என்ன காசி. பினாங்குல வெள்ளைக்காரன் அபினுக்கு அட்டை போட்டான். அட்டையில ஆளோட போட்டோ. அட்டை இல்லாதவன் மோந்து பாக்கக்கூட முடியாது. அதுக்குப் பேருதேன் சட்டம்."

"போட்டோவுக்கு எங்க போக? காரைக்குடிக்குத்தேன் போகணும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பெத்தன் எழுந்தான். அவன் சிலோன்காரன். மாத்தளையில் கடை வைத்திருந்து, கடையைவிட்டு வந்தவன்.

"சிலோன்ல நாட்டு வைத்தியருக்கு மட்டுந்தேன் கொடுப்பாக. லேகியத்துல போட. மத்தவன் தொட்டா விலங்கு. அதான் ஒழுங்கு."

"நம்மூர்ல வைத்தியன் யாருடா இருக்கா?" என்றார் முத்துராமலிங்கம்.

"மாட்டு வைத்தியர் இருந்தாரு."

"அவரு செத்து மூணு வருசம் ஆச்சு."

"அதுக்கு நான் என்ன செய்ய? ஒழுங்கைச் சொன்னேன்."

அழகுசுந்தரத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. எந்த ஊர்ச் சட்டத்தைப் பிடித்தாலும் முடிவு ஒன்றுதான். பழகினவனுக்கு மட்டும் கொடு, மற்றவனை விரட்டு. மருதவயலில் பழகினவன் அவன் ஒருத்தன். அட்டை போட்டால் ஒரே அட்டை. அதில் போட்டோகூடத் தேவையில்லை.

அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எல்லா ஊர்லயும் நல்லது இருக்கு. காசியில எடுத்துக்க வேண்டியது, திறந்து செய்யணும், ஒளிச்சுச் செய்யக் கூடாது. பினாங்குல எடுத்துக்க வேண்டியது, பேரெழுதிக் கொடுக்கணும். சிலோன்ல எடுத்துக்க வேண்டியது, இளவட்டம் தொட்டா தண்டனை. சரிதானே?"

"சரிதேன்" என்றது ஊர். அழகுசுந்தரம்தான் உரக்கச் சொன்னான்.

"ஆனா செடி கோயில் செடி. கோயில் சொத்துல ஒருத்தனுக்கு உண்டு, ஒருத்தனுக்கு இல்லைன்னு நம்மூர்ல வழக்கம் கிடையாது. களரிக் கெடாக்கறியை எப்படிப் பிரிக்கிறோம்? தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. இதுவும் அப்படித்தேன்."

கல்யாணமாகித் தனி உலை வைக்கும் ஒவ்வொரு குடும்பமும் அந்த ஊரில் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு கோயிலுக்கு வரி கொடுக்கும். வரி கொடுத்தால் கறியில் பங்கு, திருநீற்றில் பங்கு, ஊர்ப் பட்டியலில் பேர். புருசன் இறந்தவளுக்கு அரை வரி, அரைப் பங்கு. மருதவயலில் முழுசு நாற்பத்திரண்டு, அரை மூன்று.

ஓரத்தில் ஒருவர் எழுந்தார். "எனக்கு வேணாம் அம்பலம். நான் பீடிகூடத் தொடுறதில்ல."

"தொடு, தொடாத. அது உன் பாடு. பங்கு வேணாம்னா தலைக்கட்டு வேணாம்னு அர்த்தம். பேரை அடிச்சிரவா?"

"அப்பக் கொடுங்க" என்று உட்கார்ந்துகொண்டார்.

அளவு தீப்பெட்டி என்று முடிவாயிற்று. தலைக்கட்டுக்கு ஒரு தீப்பெட்டி. அரைக்கு அரைத் தீப்பெட்டி. அதுவரை செடிக்கு முள்வேலி, வீட்டுக்கு ஒரு நாள் முறைக்காவல். பட்டியல் எழுதி அம்பலம் முதல் கையெழுத்துப் போட்டார்.

அழகுசுந்தரம் பட்டியலை எட்டிப் பார்த்தான். மேலிருந்து கீழே படித்தான். பிறகு கீழிருந்து மேலே.

"அம்பலம், எம் பேரைக் காணோமே."

"உனக்கு என்னைக்குக் கல்யாணம் ஆச்சு?"

"ஆகல."

"அப்புறம் தலைக்கட்டு எங்கிட்டிருந்து வரும்?"

ஊர் சிரித்தது. "இந்த வயசுல இதுக்காக ஒரு பொண்ணைப் பாக்கணுமாப்பா?" என்றார் முத்துராமலிங்கம். அழகுசுந்தரமும் சிரித்தான். சாயங்காலத்து இழுப்பு இன்னும் உள்ளே இருந்தது. அம்பலம் சொன்னது நியாயமாகவே பட்டது. மறுநாள் காலையில்தான் படவில்லை.

செடி அந்த வருசம் அப்படி வளர்ந்தது. நாற்பத்தைந்து வீடு முறைவைத்துக் காவல் காத்துத் தண்ணீர் ஊற்றினால் எதுதான் வளராது? களரிக்கு முன்பே அதை வேரோடு வெட்டிக் காயப்போட்டார்கள். மாசிக் களரி முடிந்த மறுநாள் அம்பலம் பேர் சொல்லி அழைக்க, ஒவ்வொருவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் அதைச் சாமிபடத்துக்குப் பின்னால் வைத்தார்கள். சிலர் அரிசிப் பானையில் போட்டார்கள். அதை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இளவட்டங்களுக்குக் கொடுக்கக் கூடாது. கீழேயும் போட முடியாது, கோயில் பங்கு.

பழைய இருப்பை மாசிவரை சிக்கனமாக ஓட்டியிருந்த அழகுசுந்தரம் இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் அம்பலம் வீட்டு வாசலில் நின்றான்.

"சும்மாவா கேக்குறே?" என்றார் அம்பலம். "கோயில் பங்கைச் சும்மா கொடுத்தா மரியாதை இல்ல. அந்த வைக்கோல் போரைப் பிரிச்சு மேட்டுல போட்டு மேய்ஞ்சிரு. எடுத்துக்க."

போரைப் பிரித்துக் கூரைபோல் மேய்ந்தான். முடிக்க நாலு நாள் ஆயிற்று. கையெல்லாம் கொப்புளம். தீப்பெட்டியோடு வாகை மரத்தடிக்குப் போனபோது, காசியில்கூடக் கிடைக்காத சுகம் அந்த இழுப்பில் இருந்தது. அப்படியே தூங்கிப்போனான்.

செய்தி பரவிவிட்டது. அரிசிப் பானையிலிருந்து தீப்பெட்டிகள் வெளியே வந்தன. முத்துராமலிங்கம் வீட்டில் சுற்றுச்சுவர். பெத்தன் வீட்டில் கிணறு தூர்வார வேண்டியிருந்தது. பீடி தொடாதவர் வீட்டில் தொழுவம். சில வீடுகளில் பெட்டியை முதலில் கொடுத்து வேலையைப் பிறகு வாங்கிக்கொண்டார்கள். எப்படியும் அவன் ஓடிப்போக மாட்டான், அடுத்த பெட்டி அடுத்த வீட்டில் இருந்தது.

கெட்டிக்காரி பொன்னுத்தாயிதான். மூன்று அரைகளில் ஒருத்தி. நாற்பது வயதுக்குள் இருக்கும். புருசன் பாம்பு கடித்துச் செத்து ஏழு வருசம். அவன் போய் நின்றபோது முறத்தில் கொத்தமல்லி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க கொழுந்தனாரே. எல்லா வீட்டையும் முடிச்சுட்டுத்தேன் நம்ம வீடு ஞாபகம் வந்துச்சாக்கும்."

"உங்க வீட்டுல அரைதானே மதினி."

"அரைன்னா எளக்காரமா? இந்தக் கூரையைப் பாருங்க. எனக்கு மட்டும் அரை மழையா பெய்யுது?"

அவள் பெட்டியாகக் கொடுக்கவில்லை. சிட்டிகையாகக் கொடுத்தாள். ஓலை முடைந்தால் ஒரு சிட்டிகை. கூரைக்கு வரிச்சல்குச்சி கட்டினால் ஒன்று. தண்ணீர்க் குடம் பத்துக்கு ஒன்று. அவன் கையில் போடுமுன் விதையைப் பொறுக்கித் தனியாக வைத்துக்கொள்வாள். விதை வெடித்தால் தொண்டை கமறும் என்று அவன்தான் சொல்லியிருந்தான். அந்த அக்கறை அவனுக்குப் பிடித்திருந்தது.

பங்குனி முடிவதற்குள் மருதவயலில் அவனைப்போல் உழைக்கிறவன் இல்லை என்றாயிற்று. தோள் திரண்டது. சோறு இரண்டு மடங்கு இறங்கியது. சாயங்காலத்து இழுப்பு ஒரு நாளும் தவறவில்லை; அலுப்புக்குக் காலையிலும் மதியமும் சேர்ந்துகொண்டதில் பெட்டி ஒரு நாளைத் தாண்டவில்லை. அது இருக்கும்வரை எதுவும் பாரமில்லை.

மாயக்கண்ணன் குறுக்கே வந்தான்.

அவன் தை மாதம் அண்ணனைவிட்டுப் பிரிந்து தனி உலை வைத்தவன். பட்டியல் எழுதியது ஐப்பசியில். அவன் பேர் அதில் இல்லை. கஞ்சாவை அவன் ஒரு நாளும் தொட்டதில்லை. ஆனால் பங்கு இல்லையென்றால் தலைக்கட்டு இல்லை. தலைக்கட்டு இல்லையென்றால் பெண்டாட்டி வீட்டார் முன் தலைகாட்ட முடியாது. அம்பலத்திடம் கேட்டான். "அடுத்த வருசம் பாப்போம்" என்றார். அவன் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து ஒரு மனு எழுதி, காரைக்குடி போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

"மேற்படி கிராமத்தில் தலைக்கட்டு ஒன்றுக்கு ஒரு தீப்பெட்டி வீதம் அனைவருக்கும் கஞ்சா வழங்கப்பட்டுள்ளது. எனக்குச் சேர வேண்டிய கஞ்சாவை அம்பலம் தர மறுக்கிறார். ஐயா அவர்கள் நேரில் விசாரித்து, என் பங்கைப் பெற்றுத் தர வேண்டுகிறேன்."

சப்-இன்ஸ்பெக்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வேலைக்கு வந்து ஒரு வருசம். மனுவை மூன்று தரம் படித்தாராம். சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிளில் ஒரு கான்ஸ்டபிளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

ஊர் பொட்டலில் கூடியது. அழகுசுந்தரம் பெத்தனின் கிணற்றிலிருந்து ஏறி, இடுப்புவரை சேறோடு வந்து பின்னால் நின்றான். அவன் மடியில் ஒரு தீப்பெட்டி இருந்தது. ஊரில் மிச்சமிருந்த கடைசிப் பெட்டி. தூக்கி எறிய மனம் வரவில்லை.

"பட்டியல் இருக்காமே, காட்டுங்க."

அம்பலம் பெருமையோடு எடுத்துக் கொடுத்தார். எஸ்.ஐ. படித்தார். நாற்பத்தைந்து கையெழுத்து, கைநாட்டு.

"இது என்ன, அரை, அரை, அரைன்னு?"

"ஒண்ணு நாந்தேன்யா" என்றாள் பொன்னுத்தாயி.

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "இதை யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"நாலு ஊர்ல எப்படி நடக்குதுன்னு விசாரிச்சுத்தேன் செஞ்சோம்யா. காசியில விசாரிச்சோம். பினாங்குல விசாரிச்சோம். சிலோன்ல விசாரிச்சோம்."

"காரைக்குடியில விசாரிச்சீங்களா?"

அம்பலம் கையை நீட்டிக் காட்டினார். "அது இந்தா பக்கத்துலதான இருக்கு. விசாரிக்கணும்னு தோணல."

"சரக்கைக் கொண்டு வாங்க. எல்லா வீட்டுப் பெட்டியும் இங்க வரணும்."

பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றாகக் கான்ஸ்டபிள் திறந்தார். எல்லாவற்றிலும் தீக்குச்சி இருந்தது. அழகுசுந்தரம் முன்னால் நின்றவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். நாற்பத்தைந்து வாயில் ஒரு வாய் திறந்தால் போதும்.

"கஞ்சா எங்கே?"

ஊர் பாக்கி வேலைகளை எண்ணிப் பார்த்தது. முத்துராமலிங்கத்தின் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. பெத்தனின் கிணற்றில் இன்னும் மூன்று முழம் சேறு பாக்கி. பொன்னுத்தாயியின் கூரை ஒரு பக்கம் திறந்து கிடந்தது.

"மாட்டுக்குக் கொடுத்துட்டோம்யா" என்றாள் பொன்னுத்தாயி. "கழிச்சலுக்கு."

"எல்லாரும் மாட்டுக்கா?"

"ஆமாய்யா" என்றான் பெத்தன்.

"ஊர்ல எல்லா மாட்டுக்கும் ஒரே நேரத்துல கழிச்சலா?"

"போன மாசம் நீங்க வந்திருக்கணும்யா. ஊருக்குள்ள கால் வைக்க முடியல."

எஸ்.ஐ. கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பார்வை சேற்றில் வந்து நின்றது.

"நீ யாரு?"

"அழகுசுந்தரமுங்க."

"பட்டியல்ல உன் பேரு எங்க?"

"இல்லீங்க. எனக்குக் கல்யாணம் ஆகல. தலைக்கட்டு கிடையாது."

"அப்ப உனக்குக் கஞ்சாவும் கிடையாது."

"கிடையாதுங்கய்யா."

"நல்லது. கல்யாணம் பண்ணிக்காதே." அவர் கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார். "இந்த ஊர்லயே சம்பந்தப்படாத ஆளு இவன் ஒருத்தன்தான். இவனையே சாட்சியாப் போடுய்யா."

சரக்கு இல்லாமல் வழக்கில்லை. நாற்பத்தைந்து பேரை ஏற்ற வண்டியும் இல்லை. எழுதி வாங்கினார்கள். மருதவயல் கிராம எல்லைக்குள் இனிக் கஞ்சா பயிரிடவோ, பங்கிடவோ மாட்டோம். மனுவுக்குப் பதில் எழுத வேண்டுமே என்று மாயக்கண்ணனையும் அன்றே ஒரு தலைக்கட்டாகச் சேர்க்கச் சொன்னார் எஸ்.ஐ. ஊரில் முழுசு நாற்பத்து மூன்றாயிற்று. மாயக்கண்ணன் மார்பை நிமிர்த்தி தன் முதல் கையெழுத்தைப் போட்டான். சாமிக்குச் சுருட்டு போதும் என்று பூசாரிக்கும் சொல்லப்பட்டது.

கடைசியில் சாட்சி. அழகுசுந்தரம் மடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டான். கையெழுத்து நன்றாகவே விழுந்தது.

கடைசிப் பெட்டி ஆனி பாதிவரை வந்தது. நகக்கண் அளவு, நாளுக்கு ஒன்று. பிறகு அதுவும் இல்லை. யார் எது சொன்னாலும் எரிச்சல் வந்தது. முத்துராமலிங்கம் சுவரைப் பற்றிக் கேட்டபோது, பினாங்கில் போய்க் கொத்தனைக் கூட்டிவாருங்கள் என்று கத்தினான். காசிக்கே போய்விடலாம் என்று துணியை மூட்டை கட்டினான்.

ஆடியில் ஒரு பெருமழை பெய்த மறுநாள் பொன்னுத்தாயி ஆள் சொல்லி அனுப்பினாள். கூரைக்காகத்தான் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் வீட்டில் இல்லை. ஊருக்கு வெளியே ஓடும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்று கைகாட்டினாள். அவளுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த நிலம் அங்கே இருந்தது. ஆமணக்கு போட்டிருந்தாள்.

"குனிஞ்சு பாருங்க கொழுந்தனாரே."

ஆமணக்கு வரிசைக்கு நடுவே சாண் உயரத்தில் கன்றுகள். விரல் விரலாக இலை. எண்ணினான். எட்டு.

"மதினி..."

"விதையைப் பொறுக்கி வச்சேன்ல. தொண்டை கமறும்னு நீங்கதான சொன்னீக."

"எழுதிக் கொடுத்திருக்கோமே. சாட்சி நானு."

"மருதவயல் எல்லைக்குள்ளனுதேன் எழுதுனாக. நானும் காது கொடுத்துத்தேன் கேட்டேன். கால்வாய்க்கு அங்குட்டு வேற ஊரு. வேற போலீசு டேசன்."

அவன் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எட்டுச் செடி. தலைக்கட்டு இல்லை, பட்டியல் இல்லை, வரிசையில் நிற்க வேறு ஆளும் இல்லை.

"நானே வச்சுக்குவேன். நானே கொடுப்பேன்" என்றாள். "உங்களுக்கு மட்டுந்தேன். ஒரு நாளைக்கு ஒண்ணு. வெளியில ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா அம்புட்டையும் புடுங்கி மாட்டுக்குப் போட்டுருவேன். அப்பக் கழிச்சல் நெசமாவே வரும்."

"சரி மதினி."

"அந்தக் காசிக் கடையில வேற என்ன சட்டம் வச்சிருந்தாக? சொல்லுங்க, நல்லதா இருந்தா எடுத்துக்குவோம்."

அழகுசுந்தரம் யோசித்தான். எட்டு வருசத்தில் எதுவும் படித்த ஞாபகம் இல்லை. ஆனாலும் இப்படி ஒரு வாய்ப்பு திரும்ப வராது.

"கடைக்காரக வாங்குறவுககிட்ட வேலை வாங்கக் கூடாதுன்னு ஒண்ணு எழுதிப் போட்டிருந்தாக மதினி."

"அப்படியா?" என்றாள் பொன்னுத்தாயி. மண்வெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "அது காசிக்கு. தண்ணி தேங்கி நிக்கிது, அந்த வரப்பை வெட்டிவிட்டுட்டு வாங்க."

வரப்பு நீளமானது. அழகுசுந்தரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான்.